மருத்துவப் படம் பார்க்கும் மானிட்டர்: கேலிபரேஷனுக்குக் கண் போதுமா, உள்சென்சாரா, தனி மீட்டரா, வருட ஒப்பந்தமா?

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் மன்னார்குடிப் பக்கம் சின்னதாக ஒரு ஸ்கேன் சென்டர் நடத்துகிற அண்ணன். இன்னொருவர் தஞ்சாவூரில் வீட்டிலிருந்தபடியே எக்ஸ்ரே, சிடி படங்களுக்கு ரிப்போர்ட் எழுதுகிற டாக்டரம்மா. "மானிட்டரை கேலிபரேட் பண்ணணும்னு சொல்றாங்க. சென்சார் உள்ளேயே இருக்கிற மானிட்டரா வாங்கவா, மீட்டர் தனியா வாங்கவா, வருஷத்துக்கு ஒருதடவை ஆளைக் கூப்பிட்டாப் போதுமா, இல்ல டெஸ்ட் படத்தைப் போட்டு நாமளே பார்த்துக்கலாமா?"

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ச் சுற்றுவட்டாரத்தில் இந்தச் சாதனங்களோடுதான் என் பிழைப்பு. இருவருக்கும் போனில் சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இருவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றில்லை.

முதலில், திரையை ஏன் அளந்து சரிசெய்ய (அதுதான் கேலிபரேஷன்) வேண்டும் என்பது. நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல நெல் கொள்முதல் நிலையத்தைத்தான் நான் காட்டுவேன். களத்தில் நெல்லை உள்ளங்கையில் எடுத்து, ஒன்றிரண்டைக் கடித்துப் பார்த்து, "நல்லாக் காஞ்சிருக்கு" என்று சொல்கிற விவசாயி பொய் சொல்லவில்லை. முப்பது வருடப் பழக்கம் அந்தக் கையில் இருக்கிறது. ஆனால் ஈரப்பத மீட்டர் 19 காட்டினால் 19தான், 17 சதவீதத்துக்குள் வராமல், தளர்வு அறிவிப்பும் இல்லாமல், மூட்டை தராசில் ஏறாது. மானிட்டரும் அப்படித்தான். இருபது வருடமாக எக்ஸ்ரே பார்க்கிற கண்ணுக்கும், நாளுக்கு ஒரு நூலளவு மங்கிக்கொண்டே போகிற திரை தெரியாது. கண் பழகிக்கொள்ளும். பிலிம் காலத்தில் சாம்பல் நிறங்கள் பிலிமிலேயே உறைந்திருந்தன, வியூ பாக்ஸில் எங்கே மாட்டினாலும் படம் பெரும்பாலும் அதே படம். இப்போது அந்தச் சாம்பலை ஒவ்வொரு நாளும் மானிட்டர்தான் புதிதாக உருவாக்குகிறது.

இதற்கான விதி, மருத்துவப் படங்களுக்கான பொதுத் தரமான டைகாமின் 14ஆம் பகுதியில் இருக்கிறது; எந்தச் சாம்பல் எவ்வளவு ஒளிர வேண்டும் என்று சொல்கிற அந்த விதியைச் சுருக்கமாக ஜிஎஸ்டிஎஃப் என்பார்கள். கண் எவ்வளவு நுட்பமாக வேறுபாட்டைப் பிரித்தறியும் என்று பார்ட்டன் என்ற ஆய்வாளர் உருவாக்கிய மாதிரியை அடிப்படையாக வைத்து, சதுர மீட்டருக்கு 0.05 கேண்டெலாவிலிருந்து சுமார் 4000 கேண்டெலா வரையிலான ஒளிர்வை 1023 படிகளாக அது வரிசைப்படுத்துகிறது. ஒரு படி என்றால், சராசரிக் கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரிகிற ஒரு வேறுபாடு. 1 முதல் 350 கேண்டெலா வரை ஒளிரும் மானிட்டரில் ஏறத்தாழ 500 படிகள் அடங்கும், அதை 256 சாம்பல் நிலைகளுக்குச் சமமாகப் பங்கு வைத்தால் ஒரு நிலைக்கு இரண்டு படி கிடைக்கும். கேலிபரேஷன் என்பது அந்தப் பங்கீட்டைச் சமமாக்குவதுதான். கடையில் வாங்கும் ஆபீஸ் மானிட்டர் காமா 2.2 என்ற வளைவில் (சாம்பல் நிலை ஏற ஏற ஒளிர்வு ஏறும் விதம்) ஓடும், அதில் கன்னங்கறுப்பு முனையில் பல நிலைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

அந்த ஒட்டல் என்ன செய்யும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். டிராக்டரிலிருந்து விழுந்த பையன் ஒருவனுக்கு மார்பு எக்ஸ்ரே, ஒரு சென்டரில் எடுத்து நார்மல் என்று ரிப்போர்ட் போனது. மறுநாள் மூச்சு வாங்குகிறது என்று வேறு இடத்துக்குப் போனபோது, அதே படத்திலேயே நுரையீரல் உச்சியில் மயிரிழை போல ஒரு கோடு, காற்று கசிந்த அடையாளம், அங்கே இருந்த திரையில் தெரிந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். முதல் சென்டரின் மானிட்டரை அளந்து பார்த்தேன். மின்சாரம் மிச்சம் பிடிக்கிற எக்கோ மோட் போட்டிருந்தது, உச்ச ஒளிர்வு 90 கேண்டெலாவைத் தாண்டவில்லை. எக்கோ மோடை எடுத்துவிட்டு, ஒளிர்வை ஏற்றி, வளைவைச் சரிசெய்து அதே திரையில் அதே படத்தைப் போட்டோம். கோடு தெரிந்தது. மானிட்டர் மட்டுமே காரணம் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் என்னால் பட்டும்படாமல் இருக்க முடியவில்லை.

"விண்டோ, லெவலை நகர்த்திப் பார்த்தால் தெரியாதா?" என்று, வியூவரில் படத்தின் கான்ட்ராஸ்டையும் வெளிச்சத்தையும் மாற்றும் வசதியைச் சொல்லி, சிலர் கேட்பார்கள். தெரியும், சந்தேகம் வந்தால் நகர்த்துவீர்கள். சந்தேகம் வருவதற்கே முதலில் அந்தக் கோடு கொஞ்சமாவது கண்ணில் பட வேண்டும்.

எதை வைத்து எடை போடுவது

நான்கு வழிகளையும் நான் ஐந்து கேள்விகளால் பார்க்கிறேன். உண்மையில் எண்ணாக அளக்கிறதா? அளந்த பிறகு அந்தச் சரி எத்தனை நாள் நிற்கும்? உங்கள் ஊரில் யார் அதைச் செய்வார்? விலைப்பட்டியலில் வராத செலவு எது? நாளைக்கு யாராவது கேட்டால் காட்டப் பதிவு இருக்கிறதா?

எட்ட வேண்டிய எண்களையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி போன்ற அமைப்புகளின் வழிகாட்டுதலில், ரிப்போர்ட் எழுதும் மானிட்டருக்கு உச்ச ஒளிர்வு குறைந்தது 350 கேண்டெலா, கறுப்பு குறைந்தது 1 கேண்டெலா. மேமோகிராமுக்கு (மார்பக எக்ஸ்ரே) 420, 1.2. வார்டிலோ ஓபியிலோ சும்மா பார்க்கிற மானிட்டருக்கு 250, 0.8. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் டிஜி18 அறிக்கை 2005இல் வந்தது. அதன்படி, வளைவிலிருந்து கான்ட்ராஸ்ட் விலகுவது ரிப்போர்ட் மானிட்டரில் 10 சதவீதத்துக்குள்ளும், மற்றவற்றில் 20 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும்.

வழி 1: கண்ணும் டெஸ்ட் படமும்

காசு கிடையாது, இரண்டு நிமிடம் போதும். டிஜி18-க்யூசி என்ற படத்தைத் திரையில் முழுதாக விரித்து, முழுக் கறுப்புக் கட்டத்துக்குள் 5 சதவீதக் கட்டம் தெரிகிறதா, வெள்ளைக்குள் 95 தெரிகிறதா, கறுப்பு, நடுச்சாம்பல், வெளுப்பு ஆகிய மூன்று பட்டைகளிலும் மங்கிக்கொண்டே போகிற எழுத்துகளில் எத்தனை வரை படிக்க முடிகிறது என்று பார்த்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். மூன்று பட்டைகளிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை வந்தால் நல்லது. கறுப்புப் பட்டையில் மட்டும் நேற்று பத்து, இன்று ஏழு என்றால் ஏதோ நடந்திருக்கிறது.

ஏதோ நடந்திருக்கிறது என்பதோடு இந்த வழியின் அறிவு முடிந்துவிடுகிறது. எவ்வளவு, எங்கே என்று அது சொல்லாது, சரிசெய்யவும் செய்யாது. இதன் மறைமுகச் செலவு பொய்யான நிம்மதி. இன்னொரு தவறை நிறைய இடங்களில் பார்க்கிறேன்: டெஸ்ட் படத்தை ஜேபெக்காக இறக்கி விண்டோஸின் போட்டோ வியூவரில் திறந்து பார்த்துவிட்டு "ஓகே" என்று டிக் போடுகிறார்கள். நோயாளியின் படம் எந்த வியூவரில் திறக்கிறதோ அதிலேயே, டைகாம் கோப்பாக, விண்டோவை முழு அளவுக்கு வைத்துத்தான் திறக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் சோதித்தது வேறொரு பாதை.

இது மட்டும் போதுமான இடங்களும் உண்டு. ரிப்போர்ட் ஏற்கெனவே வந்துவிட்டது, எலும்பு டாக்டர் மாவுக்கட்டுப் போடும் முன் ஒருமுறை பார்க்கிறார் என்கிற ஓபி மானிட்டர் அப்படி ஒன்று. மற்ற மூன்று வழிகளில் எதை எடுத்தாலும் தினசரி வேலையாக இது கூடவே இருக்கட்டும்.

வழி 2: மானிட்டருக்குள்ளேயே இருக்கும் சென்சார்

ஈஸோ, பார்கோ போன்றவர்களின் மருத்துவ மானிட்டர்களில் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன சென்சார் இருக்கும், சிலவற்றில் அளக்கும்போது மட்டும் வெளியே வந்து உள்ளே போகும். குறித்த நேரத்தில் அதுவே அளந்து, விலகியிருந்தால் அதுவே திருத்திக்கொள்ளும். பெரிய சாதகம், எந்தச் சாம்பல் நிலைக்கு எவ்வளவு ஒளிர்வு என்ற திருத்திய அட்டவணை மானிட்டருக்குள்ளேயே 10 பிட்டோ அதற்கு மேலோ நுட்பமாக உட்கார்ந்திருக்கும் என்பதுதான். கம்ப்யூட்டரை மாற்றினாலும், விண்டோஸைத் திரும்பப் போட்டாலும் வளைவு போகாது. பின்விளக்கு நாளாக நாளாக மங்கினாலும், முதலிலேயே உச்சத்துக்குக் கீழே ஓட்டுவதால், குறித்த ஒளிர்வைப் பல வருடம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

விலை தெரிந்த செலவு. தெரியாத செலவுகள் மூன்று. ஒன்று, சென்சார் அளப்பது திரையின் ஒரு ஓரத்தை, நீங்கள் படிப்பது நடுவில். இரண்டுக்கும் உள்ள தொடர்பைத் தொழிற்சாலையில் கணித்து வைத்திருக்கிறார்கள், சென்சாருக்கும் வயதாகும், அதனால் வருடத்துக்கு ஒருமுறையாவது வெளி மீட்டரால் நடுவில் அளந்து ஒத்துப் பார்க்க வேண்டும். இரண்டு, தூசி. சம்பா அறுவடை நேரத்தில், தை மாசியில், மெயின் ரோட்டு ஓரத்து சென்டர்களில் திரையில் விரல் வைத்தால் தடம் விழும். அந்தத் தூசி சென்சார் முகத்திலும் படியும். மூன்றாவதுதான் எனக்கு மனசு வலிக்கிற விஷயம்: நள்ளிரவு இரண்டு மணிக்குத் தானாக அளக்கும்படி அமைத்துவிட்டுப் போவார்கள், சென்டரில் ராத்திரி ஒன்பது மணிக்கு மெயினை அணைத்துவிட்டு ஷட்டரை இறக்குவார்கள். ஒரு இடத்தில் பதிவைத் திறந்து பார்த்தபோது பதினான்கு மாதமாக ஒரு அளவீடுகூட ஓடவில்லை. நல்ல மானிட்டர், நல்ல சென்சார், அத்தனை பணம். மதிய உணவு நேரத்துக்கு மாற்றி வைத்தேன், அதன் பிறகு ஒழுங்காக ஓடுகிறது.

தினமும் மணிக்கணக்கில் ரிப்போர்ட் எழுதுபவர், மேமோகிராம் பார்ப்பவர், கூடமாட ஆள் இல்லாமல் தனியாக உட்கார்ந்து படிப்பவர், இவர்களுக்கு இதுதான். மேமோகிராமுக்கு இதைவிடக் குறைவாக எதையும் நான் சொல்லமாட்டேன்.

இடையில் ஒரு வார்த்தை, பழைய மருத்துவ மானிட்டர்களைப் பற்றி. சென்னையிலிருந்து மலிவாக வருகிறது என்று வாங்குகிறார்கள். மெனுவில் பின்விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று பாருங்கள், மீட்டர் வைத்து அளந்து 350 வருகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். குழல் விளக்குப் பின்னொளி கொண்ட பழைய ரகம் என்றால் நான் வாங்கமாட்டேன்.

வழி 3: தனி மீட்டரும் மென்பொருளும்

உள்ளங்கையில் அடங்குகிற மீட்டர், யூஎஸ்பி வயரோடு திரையில் தொங்கவிட வேண்டும். மென்பொருள் கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாகச் சாம்பல் காட்டி ஒவ்வொன்றையும் அளக்கும், டிஜி18 இதற்கென்றே 18 படங்கள் வைத்திருக்கிறது. அளந்து முடித்ததும் திருத்த அட்டவணை ஒன்றைக் கணக்கிட்டுத் தரும். மீட்டரின் விலை ஒரு மருத்துவ மானிட்டரின் விலையில் சிறு பங்குதான். மென்பொருள் காசுக்கும் கிடைக்கும், அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் உருவான பாக்ஸ்டிஸ்ப்ளே போல இலவசமாகவும் கிடைக்கும்.

நான்கில் எனக்கு மிகவும் பிடித்த வழி இது, அதனாலேயே இதன் ஓட்டைகளை விரிவாகச் சொல்கிறேன்.

ஆபீஸ் மானிட்டராக இருந்தால் திருத்த அட்டவணை கிராபிக்ஸ் கார்டில்தான் போய் உட்காரும். அங்கே 8 பிட் என்றால், 256 நிலைகளைக் கலைத்து அடுக்கும்போது சில நிலைகள் ஒன்றாகிவிடும், மென்மையான சாம்பல் சரிவில் வரிவரியாகத் தெரியும். அடுத்து, அந்த அட்டவணை ரொம்பப் பலவீனமான இடத்தில் இருக்கிறது. டிரைவர் அப்டேட் வந்தால் போய்விடலாம். கம்ப்யூட்டர் தூங்கி எழுந்தால் போய்விடலாம். யாராவது கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று விண்டோஸில் நைட் லைட்டைப் போட்டால், திரை மஞ்சளாகி நீங்கள் அளந்த வளைவு காணாமல் போய்விடும். ஆட்டோ பிரைட்னஸ், டைனமிக் கான்ட்ராஸ்ட், எக்கோ மோட் எல்லாவற்றையும் அளப்பதற்கு முன் அணைத்து, மெனுவைப் பூட்டி வைக்க வேண்டும். மானிட்டர் மெனுவில் டைகாம் மோட் என்று ஒன்று இருந்தால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள், அது தொழிற்சாலையில் பொதுவாகப் போட்ட வளைவு, உங்கள் திரையை யாரும் அளந்து போட்டதில்லை. அதை வைத்துக்கொண்டே மேலே இன்னொரு திருத்தத்தை ஏற்றவும் செய்யாதீர்கள், ஏற்றும் மென்பொருள் முதலில் தன் பழைய அட்டவணையை நீக்கிவிட்டுத்தான் அளக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிஎன் என்ற ரகத் திரை என்றால் மீட்டரை எடுத்து உள்ளே வையுங்கள், தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே சாம்பல் மாறுகிற திரையைக் கேலிபரேட் செய்து பயனில்லை.

திரையில் ஒட்டிக்கொள்ளும் மீட்டருக்கு அறை வெளிச்சம் தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது, கீழே அதைச் சொல்கிறேன். மீட்டருக்கும் வயதாகும், உள்ளே இருக்கும் வடிகட்டிக் கண்ணாடி நம் ஊர் ஈரத்தில் சீக்கிரம் கெடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் அலமாரியில் திறந்து போட்ட மீட்டரை நான் நம்பமாட்டேன். காற்றுப் புகாத டப்பா, உள்ளே இரண்டு சிலிக்கா பொட்டலம். எந்த வகைப் பின்விளக்கு என்பதை மென்பொருளில் சரியாகத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும், இல்லையென்றால் மீட்டர் தப்பான எண்ணைத் தைரியமாகச் சொல்லும்.

இவ்வளவு சொல்லியும் ஏன் பிடிக்கும் என்றால், இதைப் பகிர்ந்துகொள்ள முடியும். கும்பகோணத்திலிருந்து பாபநாசம், தஞ்சாவூர் வரை ஒரு பஸ் தடத்தில் ஐந்து சென்டர் இருந்தால், ஐவரும் சேர்ந்து ஒரு நல்ல மீட்டர் வாங்கி, ஒவ்வொருவரும் மாதம் ஒருநாள் வைத்துக்கொள்ளலாம். எண்ணைத் தன் கையால் எடுத்த டெக்னீஷியனுக்கு அந்த மானிட்டர் மேல் ஒரு அக்கறை வந்துவிடுகிறது, இதை நான் மூன்று இடத்தில் பார்த்துவிட்டேன்.

வழி 4: வருட ஒப்பந்தத்தில் இன்ஜினியர்

வருகிறவர் கையில் சான்று பெற்ற மீட்டர், திரையின் நடுவிலும் நான்கு மூலையிலும் அளப்பார், முத்திரையோடு காகிதம் கிடைக்கும். அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும் மருத்துவமனைகளுக்கு அந்தக் காகிதம் உதவும். ஆனால் அவர் போன மறுநாளிலிருந்து 364 நாட்கள் உங்களுடையவை. நடுவில் மானிட்டரை வேறு அறைக்கு மாற்றினாலோ, கம்ப்யூட்டரை மாற்றினாலோ காகிதம் வெறும் காகிதம். வந்தவரிடம் நான்கு எண்களைக் கேட்டு வாங்குங்கள்: உச்சம், கறுப்பு, வளைவிலிருந்து அதிகபட்ச விலகல் சதவீதம், அந்த நேரத்தில் அறை வெளிச்சம் எத்தனை லக்ஸ். "பாஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அவருடைய மீட்டர் கடைசியாக எப்போது சான்று பெற்றது என்றும் கேளுங்கள், நல்ல இன்ஜினியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான்கைந்து மானிட்டருக்கு மேல் உள்ள இடம், கையோடு வேலை தெரிந்த ஆள் இல்லாத இடம், இவற்றுக்கு இது பொருந்தும். வழி 2 எடுத்தவர்கள் வருடம் ஒருமுறை ஒத்துப் பார்க்கவும் இவரையே கூப்பிடலாம்.

நான்கு வழியையும் கெடுக்கும் ஒன்று: அறை

ரிப்போர்ட் அறையில் 25 முதல் 50 லக்ஸ் வெளிச்சம் போதும். நம் ஊரில் அந்த அறை பெரும்பாலும் எப்படி இருக்கிறது? வெள்ளை டைல்ஸ், வெள்ளைச் சுவர், தலைக்கு மேல் டியூப்லைட், மேற்குப் பார்த்த ஜன்னல். அந்தத் தஞ்சாவூர் டாக்டரம்மா வீட்டில் மானிட்டரின் திரை முற்றத்தைப் பார்த்தபடி இருந்தது, பதினோரு மணிக்கு மேல் முற்றத்து வெளிச்சம் நேராகத் திரையில் விழும்.

அது செய்யும் கெடுதலைக் கணக்காகவே பார்க்கலாம். உச்சம் 350, கறுப்பு 0.3 என்று அளந்து வைத்த மானிட்டர் என்றால் விகிதம் 1100க்கு மேல். அறை வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்பி எல்லா இடத்திலும் 1 கேண்டெலாவைக் கூட்டினால், உச்சம் 351, கறுப்பு 1.3, விகிதம் 270. போனது முழுக்க இருட்டுப் பக்கம், நுரையீரல் உச்சி இருக்கிற பக்கம். அதனால்தான் கறுப்பை 1 கேண்டெலா அளவில் வைக்கச் சொல்கிறார்கள், திரும்பி வரும் வெளிச்சம் அந்தக் கறுப்பில் கால்பங்குக்குள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். மீட்டர் வாங்கும் முன்பே தடித்த திரைச்சீலை வாங்குங்கள். திரைக்குப் பின்சுவரில் மங்கலான ஒரு விளக்கு இருக்கட்டும், கும்மிருட்டும் கண்ணைக் களைப்பாக்கும். வெள்ளைக் கோட்டுகூடத் திரையில் பிரதிபலிக்கும்.

அப்புறம் கரண்ட். கரண்ட் போய் வந்தவுடன் அளக்காதீர்கள், திரை அரைமணி நேரமாவது எரிந்து சூடாக வேண்டும். மானிட்டருக்கும் யுபிஎஸ் கொடுங்கள், கம்ப்யூட்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டு மானிட்டரைச் சுவரில் நேராகச் செருகியிருப்பதை இன்னும் பார்க்கிறேன்.

இருவருக்கும் சொன்னது

டாக்டரம்மாவுக்கு: உள்சென்சார் உள்ள மருத்துவ மானிட்டர், வருடம் ஒருமுறை வெளி மீட்டரால் ஒத்துப் பார்க்க ஒரு ஆள், முற்றத்துக்கு முதுகு காட்டி உட்காராதபடி மேசையைப் பக்கவாட்டில் திருப்புவது. முதுகு காட்டினால் முற்றமே திரையில் தெரியும்.

மன்னார்குடி அண்ணனிடம் ரிப்போர்ட் எங்கே எழுதுகிறார்கள் என்று கேட்டேன். திருச்சியில், ஆன்லைனில். அப்படியென்றால் அவர் சென்டர் மானிட்டரில் நடப்பது, படம் சரியாக எடுத்திருக்கிறோமா என்று டெக்னீஷியன் பார்ப்பதுதான். அதற்கு நல்ல ஐபிஎஸ் ரக (தலை சாய்த்தாலும் சாம்பல் அதிகம் மாறாத) ஆபீஸ் மானிட்டர், 250 கேண்டெலா, பக்கத்து சென்டர்களோடு சேர்ந்து ஒரு மீட்டர், தினமும் டெஸ்ட் படம். மருத்துவ மானிட்டருக்கென்று ஒதுக்கிய பணத்தில், எக்ஸ்ரே படத்தைப் பிடிக்கும் டிடெக்டருக்கு நல்ல யுபிஎஸ் வாங்கச் சொன்னேன். திருச்சியில் படிக்கிற டாக்டரின் மானிட்டர் கடைசியாக எப்போது அளக்கப்பட்டது, எவ்வளவு வந்தது என்று எழுத்தில் கேட்கவும் சொன்னேன். கேட்டாராம். அந்த டாக்டரும் தேதியைத் தேடிப் பார்த்துவிட்டு, இந்த வாரமே அளக்கிறேன் என்றாராம்.